பன்னிரண்டு ஆள் பாரம்

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆன பிறகும் ஒரு மனுஷனைத் தெரு முழுக்க 'மாப்பிள்ளை' என்றே கூப்பிட்டால் அதற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, அந்தத் தெருவில் பாதிப் பேர் மனைவி வீட்டுச் சொந்தமாக இருக்க வேண்டும். இரண்டு, அவருக்கு இன்னும் பொறுப்பு வரவில்லை என்று மீதிப் பேர் முடிவு கட்டியிருக்க வேண்டும். நம் மாப்பிள்ளைக்கு இரண்டுமே பொருந்தும்.

மனைவிக்குத் தெருமுனையில் கண்ணாடிக் கடை. ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி. அளப்பது, வெட்டுவது, விளிம்பைத் தேய்ப்பது, கோபமாக வரும் வாடிக்கையாளரைச் சிரித்தபடி அனுப்புவது எல்லாம் அவள்தான். மாப்பிள்ளையின் இலாகா ஒன்றே ஒன்று. வெட்டிய கண்ணாடியைத் தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. வண்டிக்கு வயது இருபத்து மூன்று. கல்யாணத்துக்கு முன்பே அவர் வாழ்க்கையில் நுழைந்துவிட்டது என்பதால் கண்ணாடிக்காரி அதற்கு 'மூத்தவள்' என்று பெயர் வைத்திருந்தாள்.

"உங்க மூத்தவ இன்னிக்கு எந்திரிப்பாளா, இல்ல தலைவலின்னு படுத்துக்குவாளா?" என்று காலையில் கேட்பாள்.

போன மாதம் ஓர் அலமாரிக் கண்ணாடி பள்ளிக்கூடத்து வேகத்தடையில் தூக்கிப்போட்டதில் உடைந்தது. அடுத்த வாரம் அதே வேகத்தடை, வேறு கண்ணாடி. கண்ணாடிக்காரி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சில்லுகளைக் கூட்டி அள்ளியபடி சாதாரணமாகச் சொன்னாள்.

"இன்னொண்ணு உடைஞ்சா, சுத்தி அடைச்ச மூடு வேன் வாடகைக்கு ஓட்டுறாரே, அவரை வரச் சொல்லிடுவேன். கண்ணாடி எல்லாம் இனிமே அவரே கொண்டு போகட்டும். நீங்க கடையில உட்கார்ந்து போன் எடுங்க."

போன் எடுப்பது கேவலமில்லை. மாப்பிள்ளையின் கவலை வேறு. கடையில் அவள் முதலாளி. வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு அம்மா. கண்ணாடியை மாட்டிவிட அவளும் கூட வருவாள். வண்டியில் ஏறிக் கதவை அடைத்த பிறகுதான் அவள் இவருக்கு மட்டும் மனைவி. போகிற அரைமணியும் வருகிற அரைமணியும் வாடிக்கையாளர்களைப் போலப் பேசிக் காட்டுவாள். வார்த்தை மறந்துபோன பாட்டை, மறந்துபோனது தெரியாமல் முழுசாகப் பாடுவாள். அந்த நேரத்தைப் போய் ஒரு மூடு வேன்காரரிடம் எப்படித் தூக்கிக் கொடுப்பது?

ஆகவே மூத்தவளுக்கு அடிவயிற்றில் புது ஸ்பிரிங் போட்டே தீருவது என்று மாப்பிள்ளை ஒற்றைக்காலில் நின்றார். அவசரமும் வந்து சேர்ந்தது. ஒரு டான்ஸ் டீச்சர் புதிதாகப் பள்ளி திறக்கிறார். சுவரில் மாட்ட எட்டடிக்கு ஐந்தடியில் ஒரே கண்ணாடி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறப்பு. கடை தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு பெரிய கண்ணாடி அங்கே வெட்டப்பட்டதில்லை.

யோசனை கேட்கப் பெரிய மச்சானிடம் போனார். மனைவியின் அண்ணன், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு வண்டியின் அடிப்பாகமும் தெரியும் என்று மாப்பிள்ளை நம்பினார். மச்சானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

"போடுறதே போடுறீங்க மாப்ளே, நல்ல கெட்டியா போடுங்க. ஸ்பிரிங்குல அஞ்சு இரும்புப் பட்டை இருக்குற இடத்துல எட்டுப் பட்டை. ஒரு டன் தாங்குற மாதிரி."

"கெட்டியா இருந்தா குலுங்காதா மச்சான்?"

"கெட்டியா இருக்குற எதாவது குலுங்கி நீங்க பார்த்திருக்கீங்களா? என்னையே பாருங்க."

மச்சான் தன் மார்பில் ஓர் அடி போட்டுக் காட்டினார். குலுங்கத்தான் செய்தது. ஆனால் மாப்பிள்ளை மரியாதை தெரிந்தவர், பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்பிரிங் பட்டறை நடத்தும் அம்மாவிடம் போய், "அக்கா, எட்டுப் பட்டை, ஒரு டன்னு" என்று மிடுக்காகக் கேட்டு வாங்கினார். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "பெரிய லோடுக்கா" என்றார். இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் தொடங்கியது.

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாளும் கடைக்குப் பக்கத்துக் காலியிடத்தில் மாப்பிள்ளையின் இரண்டு கால்கள் மட்டும் வண்டிக்கு வெளியே தெரிந்தன. ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை கொடுத்து நிறுத்தி, ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த துருவேறிய யு போல்ட்டுகளோடு மல்லுக்கட்டினார். ஒரு போல்ட் காலையிலிருந்து மத்தியானம் வரை அசையவில்லை. கெஞ்சினார், எண்ணெய் விட்டார், திட்டினார், மன்னிப்புக் கேட்டார். நான்காவதாகச் செய்ததுக்கு அது அசைந்தது. பழைய பட்டைகளைக் கழற்றியபோது ஐந்தில் இரண்டு ஏற்கெனவே விரிசல். புது ஸ்பிரிங் ஏறியது, புது ஷாக் அப்சார்பர் ஏறியது. அதற்கு மேல் நாலு அலாய் வீல், ஒவ்வொன்றிலும் ஆறு பளபளக்கும் நட்டு, பழையதைவிட ஓர் உள்ளங்கை அகலம் கூடுதலான டயர்.

ஜாக்கியை இறக்கியதும் மூத்தவள் பின்பக்கத்தை ஒரு சாண் தூக்கிக்கொண்டு, பந்தயத்தில் ஓடப்போகிறவளைப் போல நின்றாள். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. சுற்றிச் சுற்றி வந்து பதினேழு போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். 'ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் வந்து பாருங்கள்' என்று எழுதினார். வேறு எதற்காவது கூப்பிட்டால் ஆளுக்கொரு வேலை இருக்கும். ஓசியில் வேடிக்கை என்றால் நம் சொந்தங்களுக்கு வேலையே கிடையாது.

ஞாயிறு ஒன்றரை மணி. கூட்டம் வருவதற்குள் ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடலாம் என்று, உதவாத ஜன்னல் கண்ணாடி ஒன்றை வண்டியின் தாங்கியில் கட்டினார். இந்தத் தாங்கி, கூடாரம் மாதிரி இரண்டு பக்கமும் சாய்வாக, வண்டித் தளத்தின் நடுவில் நீளவாக்கில் நிற்கும். கண்ணாடியை அதில் நிறுத்திச் சாய்த்துக் கட்டுவார்கள். மாப்பிள்ளை விசிலடித்துக்கொண்டே தெருமுனை வேகத்தடையில் ஏறினார்.

மூத்தவள் துள்ளினாள். கன்றுக்குட்டி துள்ளுவது போல நாலு காலும் ஒன்றாக. மாப்பிள்ளையின் தலை கூரையில் இடித்தது. பின்னால் 'சில்ல்ல்' என்று ஒரு சத்தம். அது உலகத்திலேயே அவருக்குப் பிடிக்காத சத்தம்.

கடை வாசலில் கண்ணாடிக்காரி கையுறையோடு நின்றிருந்தாள்.

"அது வெறும் ஜன்னல் கண்ணாடி. சும்மா டெஸ்ட்டுக்கு" என்றார் மாப்பிள்ளை அசடு வழிய.

"டெஸ்ட்டு பாஸா?"

அவர் பட்டறை அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சிரிப்பு மட்டும் கேட்டது.

"தம்பி, எவ்வளவு கிலோ ஏத்தப் போற?"

"அறுபதுக்கா."

"அறுநூறா?"

"இல்லக்கா. ஆறு பத்து."

"அடப்பாவி. பெரிய லோடுன்னு சொன்னியே?"

"பெருசுதான்க்கா. எட்டடிக்கு அஞ்சடி."

"அது ஒரு டன் சுமக்குற ஸ்பிரிங்குப்பா. வெறும் வண்டியில அது ஸ்பிரிங்கு இல்ல, சிமெண்டு பெஞ்சு. மேல பாரம் ஏறி, வில்லு மாதிரி நிக்குற பட்டை கொஞ்சம் படுத்தாத்தான் அசைஞ்சு கொடுக்கும். பின் சக்கரத்து நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளந்து பாரு. இப்ப இருக்குறதுல இருந்து ஆறு சென்டிமீட்டர் இறங்கணும். இறங்கிடுச்சுன்னா தொட்டில்ல போற மாதிரி போவும்."

"ஆறு சென்டிமீட்டருக்கு எவ்வளவு பாரம்க்கா?"

"எழுநூறு, எழுநூத்தம்பது கிலோ. ரெண்டு பட்டையைக் கழட்டணும்னா நாளைக்கு வா, இன்னிக்குப் பட்டறை லீவு. நான் கல்யாண வீட்ல இருக்கேன்."

போனை வைத்ததும் கண்ணாடிக்காரி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். கையுறையில் இருந்த வெள்ளைத் தூள் நெற்றியில் ஒட்டியது.

"கடையில பாரமா இருக்குறது கண்ணாடிதான்" என்றார் மாப்பிள்ளை மெல்ல.

"ஒண்ணு உடையாம இருக்க இன்னும் நாற்பதை ஏத்தலாம்னு சொல்றீங்க."

"இல்ல, நான் சும்மா..."

"மணல் மூட்டை?"

"ஞாயித்துக்கிழமை. கடை பூட்டு."

அவள் போனை எடுத்தாள். மூடு வேன்காரரின் எண் திரையில் தெரிந்தது. சரியாக அந்த நேரத்தில் தெருவில் பேச்சுச் சத்தம். வேடிக்கை பார்க்கச் சொந்தங்கள் வந்துகொண்டிருந்தார்கள். பெரிய மச்சான் முன்னால். அவர் மனைவி, சின்ன மச்சான், அவர் மனைவி, சித்தப்பா, சித்தி, பெரியப்பா, பெரியம்மா. கடைசியாக ஒரு தூரத்து அத்தை. ஒன்பது பேர். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்த ஒன்பது பேர்.

கண்ணாடிக்காரி அவர்களைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தை யோசித்தது அநேகமாக அதுதான் முதல் தடவை. அவள் போனைப் பையில் போட்டுவிட்டு டேப்பை எடுத்தாள்.

"வாங்க வாங்க, எல்லாரும் வண்டியில ஏறுங்க" என்றார் மாப்பிள்ளை வாயெல்லாம் பல்லாக.

"பார்க்கத்தானே கூப்பிட்டீங்க?" என்றார் பெரியப்பா.

"உட்கார்ந்து பார்த்தாத்தான் அருமை தெரியும்."

முதலில் கண்ணாடி ஏறியது. ஆறு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கி, தாங்கியின் இடப்பக்கத்தில் சாய்த்து, ரப்பர் கொடுத்து, பெல்ட் போட்டார்கள். அதன் பிறகு ஆட்கள். கண்ணாடிக்காரி பின் சக்கரத்தருகே மண்டியிட்டு அளந்தாள். சித்தப்பா ஏறினார், அரை சென்டிமீட்டர். சித்தி, அரை. பெரிய மச்சான் ஏறியபோது முக்கால் இறங்கியது, அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பெரியம்மா ஒரு காலை வைத்தார், மறு காலையும் வைத்தார்.

"ஒண்ணு" என்றாள் கண்ணாடிக்காரி.

"என்னடி ஒண்ணு?"

"ஒரு சென்டிமீட்டர், பெரியம்மா."

பெரியம்மா போன வருஷத்திலிருந்து ஐம்பத்தெட்டுக் கிலோ என்று சொல்லிக்கொண்டிருக்கிறவர்.

"டேப்பு பழசு" என்றார் பெரியம்மா. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். டேப்பு பழசுதான்.

ஒன்பது பேரும் ஏறி முடித்தபோது நாலரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. இன்னும் ஒன்றரை வேண்டும். மாப்பிள்ளை பக்கத்து சலூனுக்குள் ஓடினார். சலூன்காரர் ஒரு வாடிக்கையாளரின் வலது கன்னத்தை மழித்துவிட்டு இடது கன்னத்தில் நுரை போட்டுக்கொண்டிருந்தார்.

"அவசரம். ரெண்டு பேரும் வண்டியில ஏறணும்."

"பாதி முகத்தோட நான் எங்கேயும் வரமாட்டேன்" என்றார் வாடிக்கையாளர், நுரைக்குள்ளிருந்து.

சலூன்காரர் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். எட்டடிக்கு ஐந்தடிக் கண்ணாடியைப் பார்த்தார். இந்தத் தொழிலில் முப்பது வருஷமாக இருக்கிறார், இவ்வளவு பெரிய கண்ணாடி முன்னால் ஒரு தடவைகூடச் சவரம் செய்ததில்லை.

"மீதியை ஓட்டத்துல முடிச்சிடலாம், வாங்க சார்" என்று துண்டை உதறினார்.

அவர்கள் இருவரும் ஏறியதும் ஐந்தரை சென்டிமீட்டர். இன்னும் அரை. தெருவில் வேறு ஆள் இல்லை. கண்ணாடிக்காரி எழுந்து, டேப்பை மடக்கி, தானே பின்பக்கம் ஏறினாள். கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"நீ முன்னாடி வரலையா?" என்றார் மாப்பிள்ளை.

"நான் வந்தா அரை சென்டிமீட்டர் யாரு தருவா? ஓட்டுங்க. ஒரு தட்டு தட்டினா மெதுவா, ரெண்டு தட்டினா நில்லுங்க."

டான்ஸ் பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர். புறப்படும்போதே மணி நாலு. பக்கத்து இருக்கை காலி. மாப்பிள்ளை முதல் கியரைவிட்டு மாறவேயில்லை. சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள், திரும்பிப் பார்த்தார்கள், திரும்பிப் பார்த்ததில் ஒருவர் வேலியில் சாய்ந்தார். பின்னால் கண்ணாடிப் பக்கம் உட்கார்ந்தவர்கள் தங்கள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுபக்கம் உட்கார்ந்தவர்கள், தாங்கியின் வெறும் பலகையைப் பார்த்தபடி, இடம் மாறச் சொல்லிச் சண்டை போட்டார்கள். தெருமுனை வேகத்தடை வந்தது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொள்ள நினைத்து, டிரைவர் என்பது ஞாபகம் வந்து திறந்தே வைத்துக்கொண்டார். மூத்தவள் ஏறினாள், ஊஞ்சல் போல ஒரு தரம் தாழ்ந்தாள், இறங்கினாள். அவ்வளவுதான்.

"மாப்ளே! கத்தி அசையல!" என்று சலூன்காரர் கத்தினார்.

பாதி வழியில் இரண்டு தட்டு. மாப்பிள்ளை சட்டென்று நிறுத்தினார்.

"ஆளு குறையுது! வண்டி மேல வந்துடுச்சு!" என்றாள் கண்ணாடிக்காரி.

எண்ணினார்கள். பதினொன்று. சித்தப்பாவைக் காணோம். வண்டி போன வேகத்துக்கு அவர் இறங்கியதே யாருக்கும் தெரியவில்லை. பார்த்தால், பின்னால் தன் வீட்டு வாசலில் நின்று அவசரமாகப் பூட்டைத் திறந்துகொண்டிருக்கிறார்.

"சித்தப்பா! பள்ளிக்கூடத்து வேகத்தடை வரப்போகுது! நீங்க அரை சென்டிமீட்டர்!"

"மோட்டார் போட்டுட்டு வந்துட்டேம்மா! தொட்டி வழியும்!"

ஐந்தாவது நிமிஷம் இடுப்புவரை நனைந்து ஓடிவந்தார். வழிந்துதான் இருந்தது. "ஈரத்தோட ஏறுங்க, இன்னும் கனம்" என்றார் பெரிய மச்சான்.

பள்ளிக்கூடத்து வேகத்தடை. இரண்டு கண்ணாடியைத் தின்ற தடை. யாரும் சொல்லாமலே பேச்சு நின்றது. சண்டை நின்றது. சலூன்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பெரியம்மா கண்ணாடிக்காரியின் கை மேல் தன் கையை வைத்து இறுக்கினார். மாப்பிள்ளை கிளட்சைக் கால்வாசி விட்டார், அரைவாசி விட்டார். முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறியது. பன்னிரண்டு பேரும் ஒன்றாகத் தாழ்ந்து, ஒன்றாக எழுந்து, "ஆஆ" என்று ஒரே குரலில் இழுத்து, அப்படியே தரைக்கு வந்தார்கள். கண்ணாடி இருந்தது. முழுசாக இருந்தது. அதில் பாதிக் குடும்பம் வாயைப் பிளந்தபடி தெரிந்தது.

பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள் சிரிப்பு. டான்ஸ் பள்ளி வாசலுக்கு வரும்வரை நிற்கவில்லை. நாலு ஐம்பதுக்கு வண்டி போய் நின்றபோது வாடிக்கையாளர் இரண்டு கன்னமும் மழமழவென்று, ஒரு கீறல் இல்லாமல் இறங்கினார்.

டான்ஸ் டீச்சர் ஓடிவந்தார். கண்ணாடியைப் பார்த்தார். இறங்குகிற கூட்டத்தை ஒவ்வொருவராக எண்ணினார்.

"இத்தனை பேர் வந்திருக்கீங்க" என்றார் வியந்து. "மூணு கிலோமீட்டர்தானே. இதுக்குப் பேசாம கையிலேயே தூக்கிட்டு வந்திருக்கலாமே?"

பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை மூத்தவளின் சக்கரத்தைப் பார்த்தார். பெரிய மச்சான் வானத்தைப் பார்த்தார். முதலில் சிரித்தது பெரியம்மாதான். சிரித்துச் சிரித்து மட்கார்டில் சாய்ந்தார், அது ஒரு சென்டிமீட்டர் இறங்கியது.

கண்ணாடியைச் சுவரில் மாட்டி முடித்ததும் பாட்டுத் தொடங்கியது. சொந்தங்கள் யாரும் திரும்பி வருவதாக இல்லை. தூரத்து அத்தை ஏற்கெனவே முதல் வரிசையில் நின்று இடுப்பில் கை வைத்திருந்தார். ஆகவே திரும்பும்போது வண்டியில் இரண்டே பேர். பின்பக்கம் காலி.

காலி வண்டி என்றால் சிமெண்டு பெஞ்சு. ஒவ்வொரு சின்னக் கல்லுக்கும் இருவரும் இருக்கையை விட்டு எழும்பினார்கள். கண்ணாடிக்காரியின் கொண்டை அவிழ்ந்தது. பேச வாயைத் திறந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாடிப் பார்த்தாள், பாட்டு துண்டு துண்டாக வந்தது, மறந்துபோன வார்த்தைகள் அந்த இடைவெளியில் வசதியாக விழுந்து மறைந்தன. மாப்பிள்ளை சிரித்ததில் ஸ்டீயரிங் கோணியது.

"ஏதோ டக் டக்குனு கேட்குது" என்றாள் திடீரென்று.

ஓரமாக நிறுத்தி இறங்கினார். புது வீல் மாட்டினால் கொஞ்ச தூரம் ஓடியதும் நட்டுகளை மறுபடி ஒரு தரம் இறுக்க வேண்டும். பெட்டியில் அச்சடித்த தாளில் இருந்தது, போட்டோ எடுக்கிற அவசரத்தில் படிக்கவில்லை. கைப்பிடி நீளமான ஸ்பேனரை மாட்டினார். ஒரு நட்டு கால் சுற்றுத் திரும்பியது.

"தள்ளுங்க" என்று கண்ணாடிக்காரி இறங்கி வந்தாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனர் பிடி மேல் ஏறி நின்றாள். முழுப் பாரத்தையும் போட்டு ஒரு குதி. நட்டு 'கிர்' என்று உட்கார்ந்தது. "என் அரை சென்டிமீட்டர் எப்படி?"

எதிரெதிராகப் பார்த்துப் பார்த்து இறுக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது சக்கரத்தின் கடைசி நட்டில் அவள் நின்றிருக்கும்போது போன் அடித்தது. மூடு வேன்காரர். இந்த வாரம் எப்படியும் சொல்வதாக அவள் சொல்லி வைத்திருந்தாளாம். மாப்பிள்ளை நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் வேறெதுவும் இல்லாதது போல அந்த ஒரு நட்டைப் பார்த்தார்.

"இல்லண்ணே, வேண்டாம்" என்றாள் கண்ணாடிக்காரி, பிடி மேல் ஆடியபடி. "நாங்களே கொண்டு போயிடுவோம். ஆமாம், அந்தப் பழைய வண்டிதான். நாளைக்கு ரெண்டு பட்டையைக் கழட்டினா சரியாயிடும்... டிரைவரா? டிரைவர் எங்க வீட்டு ஆளுதான். கழட்ட முடியாது."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு குதி குதித்தாள்.

"எத்தனை ஆச்சு?"

"பன்னிரண்டு" என்றார் மாப்பிள்ளை. "இன்னும் பன்னிரண்டு இருக்கு."

"இருக்கட்டும். மெதுவாவே இறுக்கலாம்" என்று அவள் அடுத்த சக்கரத்துக்கு நடந்தாள்.